வெயில் காலப் பயணத்துக்குச் சுடும் கேக்: கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி

நாங்கள் ஐந்து பேர், கல்லூரியில் ஒரே வகுப்பு. வருடம் தவறாமல் சித்திரைத் திருவிழா முடிந்து ஊரில் கூட்டம் வடிந்ததும் ஒரு நாள் சேர்ந்து எங்காவது போவோம். அழகர்கோயில், வைகை அணை, சிறுமலை; இரண்டு நாள் லீவு கிடைத்தால் கொடைக்கானல். ஒருத்தி புளியோதரை, ஒருத்தி சுண்டல், ஒருத்தி தண்ணீர் கேன் என்று பிரித்துக்கொள்வோம். கேக்கும் பிஸ்கட்டும் என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் எது கெட்டது, ஏன் கெட்டது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தோழிகளும் அக்கம்பக்கத்தாரும் போன் செய்து கேட்பது பெரும்பாலும் அதே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான். அந்த நோட்டை இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்துத் தருகிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு செலவாகும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாவைக் கலக்கியபோது சமையல்கட்டில் எவ்வளவு சூடு? குறிப்புகளில் "அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்" என்று இருக்கும். அது 20, 22 டிகிரி இருக்கும் அறையை நினைத்து எழுதியது. மே மாதம் மதியம் நம் சமையல்கட்டு 36 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் வெண்ணெய் எண்ணெயாக ஓடும், சர்க்கரையோடு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. அதனால் நான் விடிகாலை ஐந்தரைக்கோ இரவு ஒன்பதுக்கு மேலோதான் மாவில் கை வைப்பேன். வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது.

கேக் எழும்பவே இல்லை, அடை மாதிரி இருக்கிறது

வெண்ணெய் உருகியிருந்ததா? ஆம் என்றால் காரணம் அதுதான், மேலே தேட வேண்டாம். அடுத்த முறை வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெயும் தயிரும் சேர்த்த குறிப்புக்கு மாறுங்கள். வெயில் காலத்துக்கு அதுவே நல்லது.

இல்லை என்றால், மாவைக் கலக்கிவிட்டு எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? அடுப்பு சூடேறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தால் பொங்க வேண்டியது பாத்திரத்திலேயே பொங்கி அடங்கிவிடும். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஈரச் சாமானையும் மாவையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மைதாவைப் போட்ட பிறகு நிறையக் கலக்குவதும் கேக்கை இறுக்கிவிடும். மாவு மறைந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள்.

அதுவும் இல்லை என்றால் பேக்கிங் பவுடரைச் சோதியுங்கள். அரை டம்ளர் கொதிக்கும் நீரில் அரை டீஸ்பூன் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் குப்பையில் போடுங்கள். ஆப்ப சோடாவுக்கு வெந்நீர் சரிவராது, எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்க வேண்டும். டப்பாவில் அச்சடித்த தேதியை நான் நம்புவதில்லை. திறந்த டப்பா அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியில், நம் ஊர்ச் சூட்டில், நாலு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிது. சிறிய டப்பாவாக வாங்கி, திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள்.

எழும்பியது, பிறகு நடுவில் குழிந்துவிட்டது

இருபதாவது நிமிஷத்தில் திறந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். குறிப்பில் சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு கழியும் வரை மூடியைத் தொடக் கூடாது.

திறக்கவில்லை என்றால் ஈர்க்குச்சியை நடுவில் குத்துங்கள். ஈரமாவு ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம், பத்து நிமிஷம் கூட வைத்திருக்க வேண்டும். குச்சி சுத்தமாக வந்தும் குழி இருந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றேகால். குவித்து அள்ளாதீர்கள், கத்தியால் தலை தட்டி எடுங்கள். டின்னில் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தாலும் நடு தளர்ந்துபோகும்.

குழிந்த கேக் வீணாகாது. குழியை வெட்டி எடுத்துவிட்டுத் துண்டு போட்டு, குறைந்த சூட்டில் மொறுமொறுப்பாக மறுபடி சுட்டால் ரஸ்க். பயணத்துக்கு ரஸ்க்கை விடத் தோதான பண்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடி கருகியது, மேலே பச்சையாக இருக்கிறது

குக்கரில் சுடுபவர்களின் நிரந்தரக் கோளாறு இது. எங்கள் வீட்டில் ஓ.டி.ஜி. (கேக் சுடும் மின் அடுப்பு) வருவதற்கு முன் ஆறு வருடம் குக்கரில்தான் சுட்டேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தீ: முதலில் பத்து நிமிஷம் மிதமான தீயில் காலிக் குக்கரைச் சூடாக்கி, டின்னை உள்ளே வைத்ததும் சிம்முக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய பர்னரில் சிம் என்பதும் பெரிய தீதான். சின்னப் பர்னருக்கு மாற்றுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

இடைவெளி: அடியில் இரண்டு விரற்கடைக்குக் கல் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் டின். டின் உப்பைத் தொடக் கூடாது, பக்கச் சுவரையும் தொடக் கூடாது. ஸ்டாண்டு இல்லாவிட்டால் தட்டையான சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம்.

மூடி: கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டையும் கழற்றிய பிறகும் மேலே பச்சையாக இருந்தால் ஆவி தங்குகிறது என்று பொருள். டின்னுக்கு மேல் பட்டர் பேப்பரைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள்.

டின்: மெல்லிய தகரம், கறுப்புப் பூச்சுள்ள டின் இரண்டும் அடியைச் சீக்கிரம் கருக்கும். கனமான அலுமினிய டின் வாங்கி அடியில் இரண்டு மடிப்புப் பட்டர் பேப்பர் போடுங்கள். காசு செலவாகும் மாற்றம் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடாக்கினால் குக்கரின் சேஃப்டி வால்வு உருகிப் போகலாம். கேக் சுடும் குக்கரை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதில் மறுபடி பருப்பு வேகவைப்பதாக இருந்தால் வால்வைப் புதிதாக மாற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பழைய குக்கர் இல்லாவிட்டால் கனமான இரும்புச் சட்டியும் பொருத்தமான மூடியும் போதும்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா? பர்னரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்திக் கழுவிக் காயவையுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்பு ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எதையும் சோதிக்க நிற்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஓ.டி.ஜி.யில் சொன்ன நேரத்தில் வேகவில்லை

மணியைப் பாருங்கள். மே மாதம் இரவு ஏழு முதல் பதினொன்று வரை தெரு முழுக்க ஏ.சி. ஓடும், வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் கம்பி தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விளக்கு மங்கி, மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அன்று சுடாதீர்கள், விடிகாலைக்குத் தள்ளுங்கள். தினமும் இப்படித்தான் என்றால் லைன்மேனிடம் சொல்ல வேண்டிய வேலை அது.

வோல்டேஜ் சரியாக இருந்தால், சூடேறும்போது எரியும் விளக்கைக் கவனியுங்கள். 180-இல் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அணைய வேண்டும். இருபத்தைந்து நிமிஷமாகியும் அணையவில்லை என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சிவக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சிவக்கவில்லை என்றால் எந்தக் கம்பி ஓடுகிறது என்று தேர்ந்தெடுக்கும் திருகைப் பாருங்கள். டோஸ்ட் அளவில் யாராவது திருப்பி வைத்திருப்பார்கள். திருகு சரி, கம்பி மட்டும் கறுப்பு என்றால் கம்பி போய்விட்டது, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

இரண்டும் சிவக்கின்றன, விளக்கும் அணைகிறது, கேக் மட்டும் வேகவில்லை என்றால் சர்க்கரையை வைத்துச் சோதிக்கலாம். சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, 175-இல் கால் மணி நேரம் வையுங்கள். உருகக் கூடாது. பிறகு 195-க்கு ஏற்றி இன்னொரு கால் மணி நேரம். இப்போது உருக வேண்டும். 195-லும் உருகவில்லை என்றால் உங்கள் ஓ.டி.ஜி. குறைவாகச் சுடுகிறது, இனி எல்லாவற்றையும் பதினைந்து டிகிரி கூட்டி வையுங்கள். 175-லேயே உருகினால் அதே அளவு குறையுங்கள். சில நூறு ரூபாயில் ஓ.டி.ஜி.க்குள் வைக்கும் தெர்மாமீட்டர் கிடைக்கும். சர்க்கரைச் சோதனையில் தவறியவர்களுக்கு மட்டும் அது அவசியம்.

எலெக்ட்ரீசியனை உடனே கூப்பிட வேண்டியது மூன்று சமயங்களில். ஓ.டி.ஜி.யின் உடம்பைத் தொட்டால் சுரீரென்கிறது: எர்த் இல்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளக்கோ வயரோ கை வைக்க முடியாமல் சுடுகிறது: 1500 வாட் ஓ.டி.ஜி. ஏழு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 6 ஆம்பியர் சின்னப் பிளக்கில் மாட்டவே கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட் போட வேண்டும். வேறு எதுவும் ஓடாதபோதும் போட்டவுடன் டிரிப் ஆகிறது: உள்ளே கசிவு இருக்கிறது, மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள்.

கசக்கிறது, சோப்பு வாடை வருகிறது

ஆப்ப சோடா அதிகம், அல்லது அதோடு புளிப்பு எதுவும் சேரவில்லை. ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் தாண்டக் கூடாது, கூடவே தயிரோ எலுமிச்சையோ வேண்டும். சுட்ட கேக்கை இதற்கு மேல் காப்பாற்ற வழியில்லை.

டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது

சிரப்பைக் கழுவித் துடைத்து, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுங்கள். அப்படியும் இறங்கினால் மாவு நீர்த்திருக்கிறது. பாதியை உள்ளே கலந்து, மீதியை மேலே தூவுங்கள்.

பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது

மறுபடியும் சூடுதான். உருட்டித் தட்டில் வைத்த பிறகு, தட்டோடு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். வெளியே எடுத்ததும் நேராக ஓ.டி.ஜி.க்குள் போக வேண்டும். முதல் தட்டு நன்றாக வந்து இரண்டாவது மட்டும் பரவினால், சூடான தட்டிலேயே அடுத்த மாவை வைத்திருப்பீர்கள். தட்டைத் தண்ணீரில் காட்டி ஆறவைத்துத் துடைத்துவிட்டு வையுங்கள்.

நமுத்துப் போனால் பயப்பட வேண்டாம். 150 டிகிரியில் ஆறேழு நிமிஷம் வைத்து, நன்றாக ஆறிய பிறகு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடுங்கள். கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் வைத்தால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும். நிறையப் பேர் செய்யும் தவறு இது.

வீட்டில் நன்றாக இருந்தது, போய்த் திறந்தால் கெட்டிருக்கிறது

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த கோளாறு இது. முதல் வருடம் வைகை அணைப் பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மூடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. "என்னடி, களி மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது உண்மை. இரவெல்லாம் விழித்துச் சுட்ட கேக்கைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து, சுடுவதில் எடுத்துக்கொண்ட அளவு அக்கறையைக் கட்டுவதிலும் எடுத்துக்கொள்கிறேன்.

*பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால்:* சூடு ஆறுவதற்குள் மூடிவிட்டீர்கள். வெயில் காலத்தில் கேக் ஆற மூன்று மணி நேரம் பிடிக்கும். மேலே கை வைத்தால் போதாது, டின்னைக் கவிழ்த்து அடியைத் தொட்டுப் பாருங்கள். ஆறவைத்துத்தான் மூடினேன் என்றால், ஃபிரிட்ஜில் வைத்து அப்படியே பஸ்ஸுக்கு எடுத்துப்போனீர்களா? குளிர்ந்த கேக் வெயிலுக்கு வந்ததும் வியர்க்கும். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி வையுங்கள். வெளியே எடுத்த பிறகு குளிர் முழுக்கப் போகும் வரை பிரிக்காதீர்கள். வியர்வை தாளோடு நின்றுவிடும்.

*உதிர்ந்து தூளாகிவிட்டால்:* வீட்டிலேயே துண்டு போட்டிருப்பீர்கள். முழுசாகக் கொண்டுபோங்கள், சுட்ட டின்னோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. ஒரு கத்தி பையில் இருக்கட்டும். முழுசாகக் கொண்டுபோயும் உதிர்ந்தால் கேக் வறண்டிருக்கிறது: ஐந்து நிமிஷம் முன்னதாக இறக்குங்கள், அல்லது கால் கப் தயிர் கூடச் சேருங்கள். சிறுமலை போகிறீர்கள் என்றால் டின் மடியில் இருக்க வேண்டும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மேல் தட்டில் வைத்த எதுவும் உருவத்தோடு இறங்காது.

*கிரீம் உருகி ஓடிவிட்டால்:* எப்படிக் கட்டினாலும் உதவாது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே அந்தச் சூடு வந்துவிடும். வெயிலில் போகும் கேக்குக்குக் கிரீமும் வேண்டாம், சாக்லேட் பூச்சும் வேண்டாம். பிறந்தநாள் என்று ஒருத்தி அடம்பிடித்தால், தேங்காய்த் துருவலை வறுத்துச் சர்க்கரைப் பாகில் புரட்டி மேலே பரப்புங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், உருகவும் செய்யாது.

*புளித்த வாடை, நூல் மாதிரி இழை, பச்சைப் புள்ளி:* ஒரு துண்டுகூட வாயில் வைக்காதீர்கள். பூஞ்சை வந்த பகுதியை மட்டும் வெட்டி எறிவது போதாது. வாழைப்பழக் கேக்கில்தான் இது சீக்கிரம் வரும். சிறுமலையிலிருந்து வாங்கி வரும் மலைவாழைப்பழத்தில் சுட்டால் மணம் வீட்டை நிறைக்கும், ஆனால் மே மாதத்தில் அதை நான் மறுநாள் மதியத்துக்கு மேல் வைப்பதில்லை. பயணத்துக்குத் தேங்காயில்லாத ரவைக் கேக்கும் சாதாரண டீ கேக்கும் இரண்டு நாள் தைரியமாக நிற்கும். கிரீம், முட்டைக் கஸ்டர்டு வைத்த எதுவும் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை, ரத்தம் தெரிகிறது, காய்ச்சல் ஏறுகிறது என்றால் வீடு திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நினைவு தடுமாறினால் 108.

*எறும்பு:* டின்னை ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் வைக்கும் பாட்டி வைத்தியம்தான். இரவு வீட்டிலும் அப்படியே.

*குரங்கு:* அழகர்கோயிலிலும் பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதையிலும் கையில் கவர் தெரிந்தாலே வந்துவிடும். துணிப் பைக்குள் சம்படம், பை தோளுக்கு முன்னால். மலையில் திறக்கவே வேண்டாம், கீழே இறங்கிய பிறகு சாப்பிடுங்கள். பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

கொடைக்கானலில் சுட்டால் மட்டும் கேக் குழிகிறது

வீடு எடுத்துத் தங்கும் நண்பர்கள் இதைக் கேட்பார்கள். (2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும், கேக்குக்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள்.) கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரையில் அச்சாக வந்த அதே அளவு அங்கே கடகடவென்று எழும்பி, வேகும் முன்பே விழுந்துவிடும். பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். ஒரு கப் மாவுக்குப் பாலோ தயிரோ இரண்டு டேபிள் ஸ்பூன் கூட்டுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள் ஸ்பூன் எடுத்துவிடுங்கள். சூடு பத்து டிகிரி கூட. அங்கே குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கும், அதனால் வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குறிப்புகளில் சொல்லும் "அறை வெப்பநிலை" அங்கேதான் நமக்குக் கிடைக்கிறது. நான் வெண்ணெய்க் கேக்கைக் கொடைக்கானலுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பதும் அதனால்தான்.

மதுரையில் இறுக மூடிய பிஸ்கட் டப்பா மேலே போனதும் உப்பி நிற்கும், திறந்தால் டப்பென்று சத்தம் வரும். காற்றழுத்தம் குறைவதால் வருவது, பிஸ்கட் கெடவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்.